கேசட் போன பிறகு பாட்டு எங்கே போகிறது? டெல்டா கலைஞர்கள் கேட்கும் கேள்விகள்

கும்பகோணம் பக்கம் சின்னதாக ஒரு ஒலிப்பதிவுக் கூடம் நடத்துகிறேன். நாதஸ்வர செட்டுகள், ஓதுவார்கள், பஜனை கோஷ்டிகள், நடவுப் பாட்டு பாடும் அம்மாக்கள், நாகூர்ப் பக்கத்துப் பாடகர்கள், மாதா பாட்டு போடுகிறவர்கள் என்று பலரும் வருகிறார்கள். பதிவு முடிந்து டீ குடிக்கும்போது அவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். கேட்டவர்கள் சொன்ன மாதிரியே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். சட்டம் பற்றிச் சொல்வதெல்லாம் 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தையும் அதில் 2012-இல் வந்த திருத்தத்தையும் ஒட்டியவை.

கேசட் போச்சு, சிடி போச்சு. இப்போ பாட்டை யாரு காசு கொடுத்து வாங்குறா?

வாங்குவது கிட்டத்தட்ட நின்றேவிட்டது. 1980-களிலும் 90-களிலும் நம் ஊர்களில் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ரெக்கார்டிங் கடை இருக்கும். தாளில் பாட்டு வரிசையை எழுதிக் கொடுத்தால் 60 நிமிடக் கேசட்டில் இரண்டு பக்கமும் நிரப்பித் தருவார்கள். மார்கழி விடியலில் கோயில் ஒலிபெருக்கியில் ஓடியதும் கேசட்தான். அப்புறம் எம்பி3 சிடி, மெமரி கார்டு, பென் டிரைவ் என்று வந்தது. பாடியவருக்குக் காசு வரும் வழி அடைபட்டது அந்த இடைக்காலத்தில்தான். ஒரே சிடியில் நூறு பாட்டைத் திணித்து விற்றார்கள்; பாடியவர் கைக்கு ஒன்றும் வரவில்லை.

இப்போது கேட்பவர் இணையத்தில் பாட்டுச் செயலிக்கு மாதச் சந்தா கட்டுகிறார், இல்லையென்றால் விளம்பரத்தோடு கேட்கிறார். ஸ்பாட்டிஃபை 2019 பிப்ரவரியில் இந்தியாவுக்கு வந்தது. அடுத்த மாதமே யூடியூப் மியூசிக் வந்தது. 2024-இல் உலக அளவில் இசைப் பதிவுகள் ஈட்டிய சுமார் 2,960 கோடி டாலரில் 69 சதவீதம் இப்படி இணையத்தில் கேட்பதிலிருந்து வந்தது. பெரிய கம்பெனிகளின் பங்கு இன்றும் பெரிதுதான். ஆனால் கடை அலமாரியில் இடம் கிடைத்தால்தான் பாட்டு வெளியே போகும் என்ற நிலை மாறிவிட்டது. சாமி புறப்பாட்டுக்குத் திருவாரூர் செட்டு வாசிக்கும் மல்லாரியும் புதுப் படப் பாட்டும் இன்று ஒரே தேடல் பெட்டியில் கிடைக்கின்றன.

ஸ்பாட்டிஃபைல நம்ம பாட்டு வரணும்னா யாரைப் போய்ப் பார்க்கணும்?

யாரையும் பார்க்க வேண்டாம். இதற்கென்று விநியோகக் கம்பெனிகள் இருக்கின்றன: டிஸ்ட்ரோகிட், டியூன்கோர், சிடி பேபி, ரூட்நோட் போன்றவை. பாட்டை அவர்கள் தளத்தில் ஏற்றினால் ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் மியூசிக், ஜியோசாவன், அமேசான், யூடியூப் மியூசிக் என்று எல்லா இடத்துக்கும் அவர்களே அனுப்பி, வரும் காசை வசூலித்துத் தருவார்கள்.

கட்டண முறையைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். டிஸ்ட்ரோகிட் வருடச் சந்தா வாங்கும். சந்தாவை நிறுத்தினால் பாட்டு இறங்கிவிடலாம். சிடி பேபி ஒரு வெளியீட்டுக்கு ஒரே தடவை கட்டணம் வாங்கிக்கொண்டு, வரும் வருமானத்தில் 9 சதவீதம் எடுத்துக்கொள்ளும். ரூட்நோட்டில் இலவசமாகவே ஏற்றலாம், 15 சதவீதம் அவர்களுக்கு. வருடத்துக்கு ஒன்றிரண்டு பாட்டு மட்டும் போடுகிறவர்களுக்கு வருடச் சந்தா வேண்டாம் என்பது என் யோசனை. சந்தா கட்ட மறந்த வருடம் பாட்டும் காணாமல் போகும்.

யூடியூப்ல நானே போட்டுட்டேன். அது போதாதா?

நம் பக்கத்து ஜனங்கள் கேட்பது அதிகமும் யூடியூபில்தான், அதனால் அது அவசியம். ஆனால் விளம்பரக் காசு வர வேண்டுமென்றால் சேனலுக்கு 1,000 சந்தாதாரர்களும், கடந்த 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். அல்லது ஷார்ட்ஸ் என்ற குட்டி வீடியோக்களுக்கு 90 நாளில் 1 கோடி பார்வை. விநியோகக் கம்பெனி வழியாகப் போகும் பாட்டுக்கு இந்தக் கணக்கு இல்லை. அது யூடியூப் மியூசிக்கில் தனியாக ஏறும், முதல் நாளிலிருந்தே கணக்கில் சேரும். இரண்டையும் செய்யுங்கள்.

ஏத்துறதுக்கு முன்னாடி என்னென்ன கையில இருக்கணும்?

வேவ் வடிவத்தில் ஒலிக்கோப்பு, 3,000-க்கு 3,000 பிக்சல் சதுர அட்டைப்படம், அப்புறம் பெயர்கள். முதல் இரண்டும் எல்லோரும் கொண்டுவருகிறார்கள். மூன்றாவதில்தான் கோட்டை விடுகிறார்கள்.

ஒரு நாதஸ்வரப் பதிவை எடுத்துக்கொள்வோம். அட்டையில் வித்வான் பெயர் இனிஷியலோடு இருக்கும். படிவத்தில் ஊர்ப் பெயரோடு கொடுப்பார்கள். அடுத்த பதிவில் பட்டத்தையும் சேர்ப்பார்கள். கணினிக்கு அது மூன்று தனித்தனி ஆள். ஒருவருடைய பாட்டு மூன்று பக்கங்களில் சிதறிக் கிடக்கும், இல்லையென்றால் அதே பெயருள்ள வேறொருவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். தவில் வாசித்தவர் பெயரையே விட்டுவிடுவது இன்னும் மோசம். கேசட் அட்டையில் பெயர் விட்டுப்போனால் மனக்கசப்போடு போகும். இங்கே பெயர் இல்லாதவரைத் தேடிக் கண்டுபிடிக்க வழியே கிடையாது. ஒரே எழுத்துக்கூட்டலை முடிவு செய்து, தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி வைத்துக்கொண்டு, சாகும் வரை அதையே பயன்படுத்துங்கள்.

ஒவ்வொரு பதிவுக்கும் ஐஎஸ்ஆர்சி என்று 12 எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு குறியீடு கொடுப்பார்கள். அந்தப் பதிவு எங்கே ஓடினாலும் அதை வைத்துத்தான் கணக்கு. இதையும் எழுதி வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

சரி, ஒருத்தர் ஒரு தடவை கேட்டா எவ்வளவு காசு வரும்?

எல்லோரும் குரலைத் தாழ்த்திக் கேட்கும் கேள்வி இது. ஒரு தடவைக்கு இவ்வளவு என்று நிலையான விலை கிடையாது. களத்தில் நெல்லை மொத்தமாகக் குவித்துப் பங்கு அளக்கிற மாதிரிதான் நடக்கிறது. ஒரு மாதத்தில் ஒரு நாட்டில் வந்த சந்தா, விளம்பரப் பணம் ஒரே குவியலாகச் சேரும். ஸ்பாட்டிஃபை சொல்லும் கணக்குப்படி அதில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு உரிமைதாரர்களுக்குப் போகிறது. அந்த மாதம் கேட்கப்பட்ட மொத்தத்தில் உங்கள் பாட்டின் விகிதம் எவ்வளவோ, குவியலில் அவ்வளவு உங்களுக்கு.

இதனால் எங்கிருந்து கேட்கிறார்கள் என்பது பெரிய வித்தியாசம். அமெரிக்காவில் மாதச் சந்தா 10 டாலருக்கு மேல். இந்தியாவில் அதில் ஒரு சிறு பகுதிதான், அதிலும் பாதிப் பேருக்கு மேல் இலவசமாகக் கேட்பவர்கள். மன்னார்குடியில் ஒருவர் கேட்பதும் நியூஜெர்சியில் ஒருவர் கேட்பதும் எண்ணிக்கையில் ஒன்றுதான், பணத்தில் பல மடங்கு வேறுபடும். இன்னொன்று: ஸ்பாட்டிஃபையில் 30 விநாடி ஓடினால்தான் ஒரு தடவை என்று எண்ணுவார்கள். 2024 முதல், முந்தைய 12 மாதத்தில் 1,000 தடவையாவது ஓடாத பதிவுக்கு அங்கே ராயல்டியே கிடையாது. சின்னக் கலைஞர்களுக்கு இது அநியாயம் என்றுதான் நான் நினைக்கிறேன். நூறு பதிவு வைத்திருக்கும் ஒரு ஓதுவாருக்கு ஒவ்வொன்றும் 600 தடவை ஓடினால் மொத்தம் 60,000. ஆனால் வரவு பூஜ்யம்.

காசு இவ்வளவுதான்னா எதுக்கு இந்தப் பாடு? ஒரு முகூர்த்தத்துக்கு வாசிச்சா இதைவிடக் கூட வருமே?

வரும். டெல்டாவில் இசைக்காரர் வீட்டில் அடுப்பு எரிவது முகூர்த்தத்தாலும் திருவிழாவாலும்தான். அதை இணையம் மாற்றவில்லை. மாறியிருப்பது அட்வான்ஸ் கொடுக்க வரும் ஆள் உங்களைக் கண்டுபிடிக்கும் வழி. முன்பு ஒரு கோயில் உற்சவத்தில் கேட்டவர் அடுத்த ஊரில் சொல்வார், தை மாதம் முழுக்க செட்டு ஓடும். இன்று கல்யாண வீட்டார் போனில் தேடி, இரண்டு நிமிடம் கேட்டுவிட்டுத்தான் பேசவே ஆரம்பிக்கிறார்கள். நல்ல ஒலியில் ஒரு பதிவு இல்லையென்றால் அந்தத் தேடலில் நீங்கள் இல்லை.

ஆடி, மார்கழி மாதிரி முகூர்த்தம் இல்லாத மாதங்களும் இருக்கின்றன. கொரோனா ஊரடங்கில் கோயிலும் கல்யாண மண்டபமும் மூடியபோது இங்கே எத்தனை குடும்பங்கள் தவித்தன என்று எல்லோருக்கும் தெரியும். ஓடிக்கொண்டிருக்கும் பதிவு சின்னத் தொகையானாலும் அந்த மாதங்களிலும் வரும். ஸ்பாட்டிஃபை ஃபார் ஆர்டிஸ்ட்ஸ் என்ற பக்கத்தில் எந்த நகரத்தில் எத்தனை பேர் கேட்கிறார்கள் என்று தெரியும். சிங்கப்பூரிலோ டொரான்டோவிலோ கூட்டம் இருந்தால், அங்கத்துக் கோயில் விழாக்காரர்களிடம் அதைக் காட்டிப் பேசலாம்.

மல்லாரியும் ராகமும் முக்கால் மணி வாசிப்போம். மூணு நிமிஷமா வெட்டச் சொல்றாங்களே?

வெட்டச் சொல்பவர்களுக்குக் காரணம் இருக்கிறது. காசுக் கேள்விக்கான பதிலில் சொன்னபடி 30 விநாடி தாண்டினால் ஒரு கணக்கு. 45 நிமிடம் கேட்டாலும் அதே ஒரு கணக்குதான். அதனால் உலகம் முழுக்கப் பாட்டு குறுகிக்கொண்டே போகிறது, முன்னிசை காணாமல் போகிறது. நம் சங்கீதத்துக்கு இது நேரடியான அடி. கம்பீரநாட்டையில் மல்லாரி தொடங்கும் முன் தவில்காரர் கட்டும் அந்த ஆரம்பத்தை வெட்டிவிட்டால், சாமி புறப்பாடு என்ற உணர்வே வராது.

ஆனால் இந்த நெருக்கடி புதிது இல்லை. 78 சுற்று இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்றரை, நான்கு நிமிடம்தான் பிடிக்கும். மணிக்கணக்கில் தோடி வாசித்த திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையும் அந்தத் தட்டுக்குள் தோடியைக் கொடுத்தார். அதைக் கேட்டவர்கள் நேரில் கேட்க ஊர் ஊராக வந்தார்கள். எனவே நான் சொல்வது இதுதான்: முழு வாசிப்பை யூடியூபில் வெட்டாமல் போடுங்கள், அங்கே நீளத்துக்கு விளம்பரம் உண்டு. மற்ற தளங்களுக்கு மல்லாரி தனி, ஆலாபனை தனி, கீர்த்தனை தனி, தனியாவர்த்தனம் தனி என்று இயல்பாக நிற்கும் இடங்களில் பிரித்து ஒரே ஆல்பமாக ஏற்றுங்கள். வெட்டும் இடத்தை வாசித்தவர் முடிவு செய்யட்டும், கணினியில் உட்கார்ந்திருக்கும் என்னைப் போன்றவர்கள் அல்ல.

தியாகராஜ கீர்த்தனை வாசிச்சதுக்கு காப்பிரைட்னு வந்திருக்கு. அவர் போயி எவ்வளவு காலம் ஆச்சு, யாருக்குக் காப்பிரைட்?

கீர்த்தனைக்கு யாருக்கும் கிடையாது. தியாகராஜர் 1847-லும், தீட்சிதர் 1835-லும், சியாமா சாஸ்திரி 1827-லும் மறைந்தவர்கள். ஒரு படைப்பின் உரிமை ஆசிரியர் காலத்துக்குப் பிறகு 60 ஆண்டுதான். ஆனால் அந்தக் கீர்த்தனையை ஒரு கம்பெனி பதிவு செய்திருந்தால் அந்தப் பதிவுக்கு அவர்களுக்கு உரிமை உண்டு. யூடியூபின் கன்டென்ட் ஐடி என்ற இயந்திரம் ஒலியையும் மெட்டையும் ஒப்பிடுகிறது. ஒரே கீர்த்தனையை ஒரே பாடாந்தரத்தில், அதாவது குரு வழி வந்த ஒரே பாணியில், வாசித்தால் இரண்டும் ஒன்றென்று அது தப்பாக எண்ணிவிடுகிறது.

பயப்படாமல் மறுப்புத் தெரிவியுங்கள். கீர்த்தனை பொதுச்சொத்து, வாசிப்பு என்னுடையது, பதிவு செய்ததும் நான்தான் என்று மூன்று வரி போதும். எதிர்த்தரப்புக்கு 30 நாள் அவகாசம். உரிமைக்கோரல் வந்த 5 நாளுக்குள் மறுத்தால் கோரல் வந்த நாளிலிருந்தே வரும் வருமானத்தை யூடியூப் யாருக்கும் கொடுக்காமல் நிறுத்தி வைக்கும், அதனால் தள்ளிப்போடாதீர்கள். இப்படி வருவது வெறும் கோரல். சேனலுக்கு ஆபத்து ஸ்டிரைக் என்ற உரிமைமீறல் எச்சரிக்கை வந்தால்தான், மூன்று வந்தால் சேனல் போய்விடும். இரண்டையும் ஒன்றாக நினைத்து வீடியோவையே அழித்துவிடுகிறவர்களைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது.

அப்போ பழைய பாட்டு எதை வேணா பாடிப் போடலாமா? பாபநாசம் சிவன் பாட்டும்தானே பழசு?

பழசு, ஆனால் உரிமை முடியவில்லை. போலகத்தில் பிறந்த சிவன் மறைந்தது 1973-இல். 60 ஆண்டுக் கணக்குப்படி 2033 முடியும் வரை உரிமை வாரிசுகளிடமோ, அவர்கள் எழுதிக் கொடுத்தவர்களிடமோதான். கச்சேரியில் பாடுவதைப் பற்றியல்ல, பதிவு செய்து வெளியிடுவதைப் பற்றிச் சொல்கிறேன். அதற்கு அனுமதி வேண்டும். தேவாரம், திருப்புகழ், சீர்காழி அருணாசலக் கவிராயர் பாட்டுகள் போன்றவற்றுக்கு வார்த்தையில் தடையே இல்லை. மெட்டு மட்டும் இக்காலத்தில் யாராவது புதிதாகப் போட்டதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கல்யாணத்துல சினிமாப் பாட்டு வாசிக்கிறோம், யாரும் கேக்கல. அதே வீடியோவை ஏத்தினா மட்டும் ஏன் பிரச்சனை?

கல்யாணத்திலும் அதை ஒட்டிய ஊர்வலத்திலும் மதச் சடங்கிலும் வாசிப்பதற்குச் சட்டமே விலக்கு கொடுத்திருக்கிறது, 52-ஆம் பிரிவில். அந்த விலக்கு மண்டபத்தோடு முடிந்தது. வீடியோவாக ஏற்றினால் அது வெளியீடு. பெரும்பாலும் வீடியோ தங்கும், காசு மட்டும் பாட்டுக் கம்பெனிக்குப் போகும். விளம்பரத்துக்காகத்தான் போடுகிறீர்கள் என்றால் அதில் நஷ்டமில்லை. விநியோகக் கம்பெனி வழியாக மட்டும் அனுமதி வாங்காமல் ஏற்றாதீர்கள், கணக்கையே முடக்கிவிடுவார்கள்.

முப்பது வருஷத்துக்கு முன்னாடி கேசட் கம்பெனிக்குப் பாடிக் கொடுத்தேன். இப்போ அது யூடியூப்ல லட்சக்கணக்குல ஓடுது. எனக்கு ஒண்ணும் இல்லையா?

பதிவு என்பது அதை முன்னின்று பொறுப்பெடுத்துத் தயாரித்தவருடையது, எனவே அந்த ஒலிப்பதிவு கம்பெனியுடையதுதான். ஆனால் பாட்டும் மெட்டும் நீங்கள் எழுதியது என்றால் கதை வேறு. பதிப்புரிமையை எழுத்தில், கையெழுத்தோடு கொடுத்தால்தான் செல்லும். பலருக்குக் கையில் தாளே கிடையாது. சம்பளம் வாங்கிக்கொண்டு ரசீதில் கையெழுத்துப் போட்டதோடு சரி. அந்த ரசீதில் என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி.

2012 திருத்தம் மூன்று விஷயம் சொல்கிறது. பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் ராயல்டியில் சமபங்கு பெறும் உரிமையை எழுதிக் கொடுத்துவிட முடியாது. பாடுபவர், வாசிப்பவருக்கும் வணிகப் பயன்பாட்டில் ராயல்டி உண்டு. ஒப்பந்தம் போட்டபோது புழக்கத்தில் இல்லாத ஊடகத்துக்கு, குறிப்பிட்டு எழுதாதவரை, அந்த ஒப்பந்தம் செல்லாது. கேசட் காலத்துப் பத்திரத்தில் யூடியூப் எப்படி இருக்கும்? இதைப் பழைய பத்திரத்துக்குப் பொருத்தி வாதாட வக்கீல் வேண்டும். அதற்கு முன்னால் செய்யக்கூடியது: எழுதியவர், இசையமைத்தவர் என்றால் அவர்களுக்கு ராயல்டி வசூலித்துத் தரும் ஐபிஆர்எஸ் என்ற சங்கத்தில் உறுப்பினராகுங்கள், பாடுபவர், வாசிப்பவர் என்றால் அதே போன்ற இஸாம்ரா சங்கத்தில். உங்கள் பாட்டுகளைப் பட்டியலிட்டுப் பதிந்தால்தான் பங்கு தேடி வரும்.

ஒரு சேனல்காரர் ஐயாயிரம் தர்றேன், ஒரு நாள் வந்து வாசிச்சுட்டுப் போங்கன்றாரு. போலாமா?

போகலாம், ஆனால் தாளைப் படித்துவிட்டு. இந்தப் பக்கத்தில் நான் அழுத்திச் சொல்ல நினைப்பது இந்த ஒன்றுதான். மேலே கேசட் கேள்வியில் பார்த்த அதே நிலைக்கு இன்றைய இளம் கலைஞர்கள் கண்ணைத் திறந்துகொண்டே போகிறார்கள். அவர் தயாரித்தால் பதிவு அவருடையது. அதோடு “எல்லா ஊடகத்துக்கும், உலகம் முழுக்க, நிரந்தரமாக” என்று ஒரு வரி இருக்கும். அது உங்கள் சொந்த உருப்படியையும் சேர்த்து எடுத்துக்கொள்ளும்.

அந்த வரியை அடித்துவிட்டு எத்தனை வருடம், எந்த ஊடகம், எந்த நாடு என்று எழுதச் சொல்லுங்கள். காலம் எழுதவில்லையென்றால் சட்டப்படி 5 ஆண்டு. இடம் எழுதவில்லையென்றால் இந்தியா மட்டும். ஆகவே காலியாக விட்ட தாள்கூட நிரந்தரம் என்று எழுதிய தாளைவிட நல்லது. முடிந்தால் செட்டே பணம் போட்டுச் சொந்தமாகப் பதிவு செய்யுங்கள். ஒலிப்பதிவுக் கூடத்துக்கு வாடகை கொடுப்பவர் நீங்கள் என்றால் தயாரிப்பாளரும் நீங்கள்தான், என்னைப் போன்ற கூடக்காரருக்கு அதில் உரிமை இல்லை. 2024-இல் ரெஸ்ஸோவும் விங்க்கும் இங்கே மூடப்பட்டன. செயலி வரும் போகும். மூலப்பதிவு உங்களிடம் இருந்தால் அடுத்ததில் ஏற்றிக்கொள்ளலாம்.

செட்டுல அஞ்சு பேரு. வர்ற காசை எப்படிப் பிரிக்கிறது?

கச்சேரிக்குப் பிரிப்பது போலவே என்று சொல்லிவிட்டால் சண்டை வரும். கச்சேரிக் காசு அன்றைக்கே முடிந்துவிடும். இது வருடக்கணக்கில் வரும், அதற்குள் செட்டே மாறியிருக்கும். பதிவு நாளிலேயே இரண்டு நாதஸ்வரம், இரண்டு தவில், தாளம் என்று ஒவ்வொருவர் பங்கையும் சதவீதத்தில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். சுருதியும் தாளமும் பிடிப்பவர் பங்கு சிறிதானாலும் எழுத்தில் இருக்கட்டும். சில விநியோகக் கம்பெனிகள் அவரவர் கணக்குக்கு நேராகவே பிரித்து அனுப்பும்.

ரெண்டாயிரம் கொடுத்தா ஒரு லட்சம் வியூஸ் ஏத்தித் தர்றேன்னு ஒரு தம்பி சொல்றான்...

வேண்டாம். அது ஆள் கேட்பதில்லை, இயந்திரம் ஓட்டுவது. கண்டுபிடித்தால் எண்ணிக்கையை அழிப்பார்கள், பாட்டையே இறக்குவார்கள்; ஸ்பாட்டிஃபை விநியோகக் கம்பெனியிடம் அபராதமும் வசூலிக்கிறது, அது உங்கள் தலையில்தான் விழும்.

யூடியூப் காசுல அமெரிக்காவுக்கு வரி பிடிச்சிருக்காங்க. நான் அமெரிக்காவையே பார்த்ததில்லையே?

2021 ஜூனிலிருந்து அமெரிக்கப் பார்வையாளர்களிடமிருந்து வரும் பங்குக்கு வரி பிடிக்கிறார்கள். இந்திய உடன்படிக்கைப்படி 15 சதவீதம், அந்தப் பங்குக்கு மட்டும். வரிப் படிவத்தை நிரப்பாமல் விட்டால் மொத்த வருமானத்திலும் 24 சதவீதம் வரை போகும். பான் எண்ணோடு படிவத்தை நிரப்ப பத்து நிமிடம்கூட ஆகாது.

என் குரல் மாதிரியே கம்ப்யூட்டர்ல பண்ணிப் போட்டா என்ன செய்யறது?

2024-இல் பாடகர் அரிஜித் சிங் வழக்கில், அனுமதியில்லாமல் அவர் குரலைச் செயற்கை நுண்ணறிவால் நகலெடுப்பதற்கு பம்பாய் உயர்நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. எனவே வழி இருக்கிறது. யூடியூபிலும் புகார் கொடுக்கலாம். புதிய ஒப்பந்தங்களில் “குரலையோ வாசிப்பையோ கணினிக்குப் பயிற்சியாகக் கொடுக்கக் கூடாது” என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்.

கம்பெனியை மாத்தினா இதுவரைக்கும் ஓடின கணக்கு போயிடுமா?

போகாது, பழைய ஐஎஸ்ஆர்சி எண்ணையே கொடுத்தால். எழுதி வைக்கச் சொன்னது இதற்காகத்தான். அதே கோப்பு, அதே பெயர், அதே எண்ணோடு புதிய கம்பெனியில் ஏற்றி, இரண்டும் சேர்ந்து தெரிந்த பிறகு பழையதை இறக்குங்கள். முதலில் இறக்கிவிட்டு அப்புறம் ஏற்றுவது தப்பு.

அப்பா போயிட்டாரு. அவர் பேர்ல இருந்த பாட்டும் அக்கவுண்டும் என்ன ஆகும்?

உரிமை வாரிசுகளுக்கு வரும். அவர் எழுதிய பாட்டுக்கும் மெட்டுக்கும் மறைவுக்குப் பின் 60 ஆண்டு. அவரே தயாரித்த பதிவுக்கு வெளியான அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு. அவருடைய வாசிப்புக்கு 50 ஆண்டு. 1960-இல் வந்த இசைத்தட்டின் பதிவுரிமை 2020-உடன் முடிந்துவிட்டது, பாட்டுக்கும் மெட்டுக்கும் உரிமை முடிந்திருந்தால் அதை யாரும் ஏற்றலாம் என்பதும் இதே கணக்குதான். ஐபிஆர்எஸ்-இல் சட்ட வாரிசும் உறுப்பினராகலாம்.

சிக்கல் அக்கவுண்டில்தான். அவர் போன் எண்ணுக்குத்தான் ஓடிபி வரும். துக்கத்தில் அந்த சிம்மை ரீசார்ஜ் செய்யாமல் விட்டால் கதவு மூடிக்கொள்ளும். முதல் வேலையாக அந்த எண்ணை உயிரோடு வைத்திருங்கள். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் இரண்டையும் விநியோகக் கம்பெனிக்கு அனுப்பிப் பெயரை மாற்றுங்கள். வருடச் சந்தா எப்போது முடிகிறது என்று பாருங்கள். அவருடன் வாசித்தவர்களோடு பங்குத் தாள் இருந்தால் அது உங்களையும் கட்டும், அவர்களுக்கு உரியதை அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். மூலப்பதிவுகள் அவர் கணினியிலோ பழைய டேப்பிலோ இருந்தால் கணினியை விற்பதற்கு முன் எடுத்துவாருங்கள். டெல்டா ஈரத்தில் டேப் சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும், அதனால் ஐப்பசி மழைக்கு முன்னால் வருவது நல்லது.